சாப்டர் கூடத் திருப்பணியும் வரலாற்று ஆவணப் பணியும்: உறுப்பினர்களுக்கான நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய தோழர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஃப்ரீமேசன் சகோதரத்துவ அமைப்பில் ராயல் ஆர்ச் என்ற பட்டத்தினர் கூடும் கிளையான நம் ராயல் ஆர்ச் சாப்டரின் கூடத்தைப் பழுதுபார்ப்பதற்கும், சாப்டர் தோன்றிய வரலாற்றைக் கையிலுள்ள ஆவணங்களைக் கொண்டு எழுதி வைப்பதற்கும் பொதுக்குழு எங்களை அமர்த்தியது. இரண்டு பணிகளும் நிறைவுற்றன. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளரின் கையொப்பத்துடன் தனி இணைப்பாக வருகிறது. ஆகவே தொகைகளை இங்கே மீண்டும் எழுதாமல், என்னென்ன செய்தோம், எந்தக் காரணத்தால் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

பணி மேல்தளத்தில் தொடங்கியது. நம் கூடத்தின் தளம் பழைய மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிப்பது இதன் முறை. முன்பொரு காலத்தில் ஒழுகலை நிறுத்துவதாக எண்ணி யாரோ இதன்மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். வெயிலில் சிமென்ட் வெடித்தது. வெடிப்பின் வழியே இறங்கிய மழைநீர், சுண்ணாம்பைப் போல உலர வழியின்றிச் சிமென்டின் அடியிலேயே தங்கியது. சுவருக்குள் புதைந்திருந்த உத்தர நுனிகள் மக்கின. மக்கிய மரத்தைத் தேடிக் கரையான் வந்தது. சாப்டரை நடத்தும் தலைவர்களான மூன்று பிரின்சிபல்களின் இருக்கைகள் அமைந்த மேடையின் பலகையைப் பெயர்த்தபோது, மேலே மெருகு குலையாத பலகையின் அடிப்புறம் விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது.

தளத்தை இடித்துக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கூறினர். வேலை விரைவில் முடிந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதில் பொறியாளருக்கே உறுதி இல்லாததால், பழைய முறையையே கடைப்பிடித்தோம். சிமென்ட் பூச்சைக் கையுளியால் கொத்தி எடுத்தபின், நீற்றிப் புளிக்கவிட்ட சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து, ஜல்லித் தளத்தை மரக்கட்டையால் பல நாட்கள் அடித்து இறுக்கினார்கள். உத்தரங்களை முழுமையாக மாற்றவில்லை; கெட்ட நுனிகளை மட்டும் அறுத்து, புதிய தேக்கை ஒட்டுப்போட்டு, சுவருக்குள் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிதாகிவிட்டதால் ஏற்பட்ட தாமதத்தை உறுப்பினர்கள் பொறுத்துக்கொண்டமைக்கு நன்றி.

ஈரம் ஊறிய அதே சுவரை ஒட்டித்தான் ஆவண அலமாரியும் நின்றிருந்தது. நடவடிக்கைக் குறிப்பேடுகளில் அடித்தட்டில் இருந்தவை மிகவும் பழுதுபட்டிருந்தன. இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள் ஒருபுறம். பழைய இரும்பு மை காலப்போக்கில் காகிதத்தையே தின்றுவிட, எழுத்து இருந்த இடம் மட்டும் உதிர்ந்து வரிகள் சல்லடையாகத் தெரிந்தது மறுபுறம். தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறையிடுவது எளிது என்றாலும், அதற்குள் அடைபடும் அமிலம் தாளை மேலும் கெடுக்கும் என்று ஆவணப் பாதுகாப்பாளர் கூறியதை ஏற்று, மெல்லிய ஜப்பானியத் திசுத்தாளையும் மாவுப் பசையையும் கொண்டே செப்பனிட்டோம். சாப்டரைத் தொடங்க அனுமதியளித்த சாசனத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. அது தோலில் எழுதப்பட்டது; மழைக்காலத்தில் நெகிழ்ந்து, கோடையில் சுருங்கி, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுத்து, கண்ணாடியைத் தொடாதபடி புதிய சட்டத்தில் அமைத்து, வெயிலோ ஈரமோ படாத உட்சுவருக்கு மாற்றியிருக்கிறோம்.

இனி வரலாற்றுப் பணி. ராயல் ஆர்ச்சின் சடங்கு எருசலேமில் ஆலயம் மீண்டும் கட்டப்பட்ட கதையை மையமாகக் கொண்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் கோரேசின் ஆணையால் பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள் ஆலயப் பணியைத் தொடங்கினார்கள். அதனால்தான் நம் மூன்று பிரின்சிபல்கள் அக்கதையில் வரும் செருபாபேல், ஆகாய், யோசுவா என்ற பெயர்களிலும், எழுத்தர்களான ஸ்கிரைப்கள் எஸ்றா, நெகேமியா என்ற பெயர்களிலும் அமர்கிறார்கள். இக்கதையின் மேன்மையில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும், அதையே நம் அமைப்பின் வரலாறாக எண்ணி, செருபாபேல் காலம் முதல் சாப்டர்கள் தொடர்ந்து இயங்கி வருவதாகச் சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதற்குச் சான்று இல்லை. சான்றுகள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன.

1717இல் லண்டனில் முதலாவது கிராண்ட் லாட்ஜ், அதாவது மேசன்களின் கிளைச் சங்கங்களான லாட்ஜ்களை ஆளும் தலைமை அமைப்பு, தோன்றியது. 1751இல் அதற்குப் போட்டியாக மற்றொரு கிராண்ட் லாட்ஜ் தோன்றி, தன்னை ஏன்ஷியன்ட்ஸ் என்று அழைத்துக்கொண்டு, மூத்ததற்கு மாடர்ன்ஸ் என்று பெயர் சூட்டியது. இளையவர் தம்மைப் பழையவர் என்றும் மூத்தவரைப் புதியவர் என்றும் அழைத்ததுதான் இதிலுள்ள வேடிக்கை. ராயல் ஆர்ச்சை உயிராகப் போற்றியவர்கள் ஏன்ஷியன்ட்ஸ். அவர்களுடைய செயலாளர் லாரன்ஸ் டெர்மட் அதை மேசன் முறையின் வேரும் இதயமும் என்று எழுதினார். மாடர்ன்ஸின் செயலாளரோ 1759இல், எங்கள் சங்கத்துக்கும் ஆர்ச்சுக்கும் தொடர்பில்லை என்று பதில் எழுதினார். ஏழே ஆண்டுகளில் நிலைமை மாறியது: மாடர்ன்ஸின் தலைவரான கிராண்ட் மாஸ்டராகவே இருந்த பிளேனி பிரபு ராயல் ஆர்ச்சில் சேர்ந்து, 1766 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தச் சாசனத்தின் மூலம் ராயல் ஆர்ச்சுக்கென உலகின் முதல் கிராண்ட் சாப்டரை நிறுவினார். ராயல் ஆர்ச் பட்டம் வழங்கப்பட்டதற்கான மிகப் பழைய நடவடிக்கைக் குறிப்பு லண்டனில் அல்ல, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் லாட்ஜில், 1753 டிசம்பரில் எழுதப்பட்டது.

இரு கிராண்ட் லாட்ஜ்களும் 1813இல் ஒன்றிணைந்தபோது, தூய பழம் மேசன் முறை என்பது லாட்ஜில் வழங்கப்படும் மூன்று பட்டங்களும் புனித ராயல் ஆர்ச்சும் சேர்ந்ததே என்று இணைப்பு உடன்படிக்கையில் எழுதப்பட்டது. கிராண்ட் சாப்டர்களின் இணைப்பு 1817இல் நிறைவுற்றது. அன்று ஏற்பட்ட ஒரு விதியே நம்மைப் போன்ற சாப்டர்களின் பிறப்பை விளக்குகிறது. ஆங்கில மரபில் எந்தச் சாப்டரும் தனித்து நிற்க முடியாது; அது ஒரு லாட்ஜுடன் இணைந்து, அந்த லாட்ஜின் எண்ணையே தன் எண்ணாகக் கொள்ள வேண்டும். எனவே நம் எண்ணை மட்டும் பார்த்து நம் வயதைக் கணக்கிட்டால், லாட்ஜின் வயதே கிடைக்கும். கூடத்தின் வாசலில் இருந்த மரப்பலகையில் லாட்ஜின் தோற்ற ஆண்டே சாப்டரின் தோற்ற ஆண்டாக எழுதப்பட்டிருந்ததற்கு இக்குழப்பமே காரணம் என்பது எங்கள் முடிவு.

சென்னை மண்ணில் இம்மரபு வேரூன்றிய விதத்தையும் சுருக்கமாகச் சேர்த்திருக்கிறோம். முதல் லாட்ஜ் 1752இல் இங்கே அமைந்தது. ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்க்கப்பட்டார். பர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ் 1786இல் தோன்றியது. மெரினா கடற்கரையில் இன்று காவல்துறைத் தலைமையகமாக விளங்கும் வெண்ணிறக் கட்டடம், 1839இல் அந்த லாட்ஜ் தனக்கெனக் கட்டிக்கொண்ட கூடமாகும். 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை அதில் குடியேறி, 1874இல் அரசு அதை 20,000 ரூபாய்க்கு வாங்கியது. எழும்பூரிலுள்ள ஃப்ரீமேசன்ஸ் ஹால் 1925ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1961 நவம்பர் 24 அன்று புதுதில்லியில் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா நிறுவப்பட்டு, ராம்பூர் நவாப் ரஸா அலி கான் முதல் கிராண்ட் மாஸ்டரானார்.

நம் சாப்டரின் தொடக்கத்தைப் பற்றிக் குறிப்பேடுகள் சொல்வது ஆரவாரமில்லாத கதை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் லாட்ஜின் முன்னாள் மாஸ்டர்கள். சாசனம் வந்த பிறகும் அவர்களுக்கென்று கூடம் இல்லை. லாட்ஜ் கூடாத மாலைகளில் அதன் கூடத்தையே கேட்டு வாங்கிக் கூடினார்கள். உறுப்பினர்கள் சிலர் பணியாற்றிய படைப்பிரிவு மாற்றலாகிப் போனபோதெல்லாம் பதவிகளுக்கு ஆள் குறைந்தது. போதிய எண்ணிக்கை இன்மையால் கூட்டம் நடைபெறவில்லை என்ற ஒரே வாசகம் பக்கம் பக்கமாக வருகிறது. அப்படியும் ஒரு கூட்டத்தில், மூவர் மட்டுமே வந்திருந்தும், இருக்கைகளுக்கு மெத்தை தைத்த தையற்காரருக்குப் பாக்கி கொடுக்கத் தீர்மானித்து எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்டரை நிலைநிறுத்தியவர்கள் என்று நாம் படம் மாட்டிவைத்திருக்கும் பெரியவர்களைவிட, ஆள் இல்லாத ஆண்டுகளிலும் குறிப்பேட்டைத் தவறாமல் எழுதிய ஸ்கிரைப்களுக்கே இச்சாப்டர் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறது என்று குழு கருதுகிறது.

இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களைக் குறிக்கும் கொடிகளைப் பற்றி ஒரு சொல். சிங்கம், மனிதன், எருது, கழுகு ஆகிய உருவங்களைத் தாங்கிய நான்கு முதன்மைக் கொடிகளும் நல்ல நிலையில் இருந்தன. மற்றவற்றில் பட்டு மடிப்பு வழியே கிழிந்திருந்தது. மெல்லிய வலைத்துணியைப் பின்புறம் வைத்துத் தைத்திருக்கிறோம். தைக்கும்போதுதான் நப்தலியின் மானும் பென்யமீனின் ஓநாயும் ஒன்றின் தண்டில் மற்றொன்று கட்டப்பட்டு, பெயர்ச்சீட்டுகளும் மாறியே கிடந்தது தெரியவந்தது. எத்தனை காலமாகவோ ஓநாயைக் காட்டி நப்தலி என்று சொல்லி வந்திருக்கிறோம், ஒருவரும் கேட்கவில்லை. இப்போது சரியான வரிசையில் வைத்திருக்கிறோம். வாயிற்காவலரான ஜேனிட்டர் தயவுசெய்து அதைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசல் பலகையைப் பற்றிக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. பழைய ஆண்டு உறுப்பினர்களின் நினைவில் பதிந்துவிட்டது, அதையே விட்டுவிடலாம் என்று இருவர் வாதிட்டனர். சாசனத்தில் உள்ள ஆண்டைத் தவிர வேறொன்றைக் கூடத்தின் வாசலில் எழுதுவது முறையல்ல என்று பெரும்பான்மையினர் முடிவு செய்தனர். புதிய பலகையில் லாட்ஜின் ஆண்டும் சாப்டரின் ஆண்டும் தனித்தனி வரிகளில் உள்ளன. பழைய பலகையை அழிக்கவில்லை. ஆவண அறையில் அதன் விவரக் குறிப்போடு வைத்திருக்கிறோம்.

குறிப்பேடுகளின் ஒளிப்படப் பிரதிகளை எந்த உறுப்பினரும் ஸ்கிரைப் எஸ்றாவிடம் கேட்டுப் பார்க்கலாம். மூல ஏடுகளைப் புரட்ட மட்டும் எழுத்துமூல அனுமதி வேண்டும். அலமாரிச் சாவிகள் இரண்டு: ஒன்று ஸ்கிரைப் எஸ்றாவிடமும், மற்றொன்று பொருளாளரிடமும் இருக்கும். தளப் பணி ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மேற்குச் சுவரோரம் கசிவு இல்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த பின்னரே அது விடுவிக்கப்படும். அதுவரை இக்குழு கலைக்கப்படாமல் நீடிக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறோம்.

திருப்பணிக் குழு