வீடு பார்க்க வரும் மலருக்கு

குரோம்பேட்டை
ஏப்ரல் 12

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். உனக்கு ஒரகடத்தில் வேலை, உன் வீட்டுக்காரருக்கு, அதாவது நம் அண்ணனுக்கு, சிறுசேரிக்கு மாற்றல், ஜூனில் குழந்தை யாழினியோடு கோயம்புத்தூரை விட்டுச் சென்னைக்கே வந்துவிடுகிறீர்கள் என்றதும் அம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம். "பாளையங்கோட்டை ஹாஸ்டல் மறுபடியும் கூடப்போகுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாள். எங்கள் வீட்டுச் சின்னது ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறது. பிரேமாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். சரி, வீடு எங்கே எடுப்பது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாவலூரில் ஒரு அடுக்ககம் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நீச்சல் குளம், விளையாட்டு இடம், வாசலில் செக்யூரிட்டி, அண்ணன் ஆபீஸ் பக்கத்திலேயே. "அவருக்குத்தான் சம்பளம் அதிகம், அதனால் அவர் பக்கமே இருந்துவிடலாம்" என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னை உறுத்தியது, மலர். வீடு எங்கே என்பதைச் சம்பளம் முடிவு செய்யக்கூடாது. வாரத்தில் யார் எத்தனை தடவை போய் வருகிறார்கள், சாயங்காலம் குழந்தையை யார் கூப்பிட்டு வருகிறார்கள் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

நீயே எழுதியிருக்கிறாய்: அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. உனக்கோ தொழிற்சாலை. சனிக்கிழமையும் உண்டு. நாவலூரிலிருந்து ஒரகடம் 40 கிலோமீட்டருக்கு மேல். கேளம்பாக்கம் போய், அங்கிருந்து வண்டலூர் வந்து, தாம்பரம் வழியாகத் தெற்கே போகிற ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி, வாலாஜாபாத் ரோட்டில் படப்பை வழியாகப் போக வேண்டும். ஆறு நாளும், இரண்டு வேளையும். அண்ணன் அந்த மூன்று நாளும் ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் ஆபீஸ் போய்விடுவார். தாம்பரத்தில் வீடு எடுத்தால் உனக்கும் 25 கிலோமீட்டர் போல வரும், அவருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். காகிதத்தில் கூட்டிப் பார். ஒரு வாரத்தில் நீங்கள் இரண்டு பேரும் போகிற மொத்தத் தூரமும் தாம்பரம் என்றால் குறையத்தான் செய்யும். நாவலூர் என்றால் அந்தச் சுமை கிட்டத்தட்ட முழுவதும் உன் தலையில். புது வேலையில் ஆறு மாதம் கழித்து "முடியல, விட்டுடறேன்" என்று சொல்லப்போவது நீதான். எங்கள் ஆபீஸில் இப்படி நல்ல வேலையை விட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். வேலை கஷ்டம் என்று யாரும் விடவில்லை. வீடு எங்கே என்று பேசியபோது அவர்கள் பக்கத்துக் கணக்கை யாரும் போடவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனிடம் இதைச் சண்டையாகப் பேசாதே. கணக்கைக் காட்டு, அவருக்குப் புரியும். தன் கல்யாணத்திலேயே பந்தியில் நின்று பரிமாறிய மனிதர் அவர்.

இன்னொன்று. குழந்தைக் காப்பகங்கள் பெரும்பாலும் ஆறரை, ஏழு மணிக்கு மூடிவிடும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி யோசி. உனக்கு ஐந்தரைக்கு வேலை முடிந்து, கம்பெனி பஸ் கிளம்பி, முடிச்சூர் ரோடு நெரிசலைத் தாண்டித் தாம்பரம் வர எப்படியும் ஏழு ஆகும். மழை நாளில் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே அண்ணன் ஆபீஸ் போகிற அந்த மூன்று நாளும் யாழினியைக் கூப்பிட்டு வர ஒரு ஆள் வேண்டும். உன் அத்தை கோவில்பட்டியிலிருந்து வந்து இருப்பதாகச் சொன்னாய். அவர்கள் நடந்து போய்க் கூட்டி வருகிற தூரத்தில் காப்பகம் இருக்க வேண்டும். இடையில் ஆறு வழிச் சாலையைக் கடக்கிற மாதிரி இருக்கக்கூடாது. குழந்தை டாக்டர், மருந்துக்கடை, காய்கறிக்கடை எல்லாமும் அந்த நடைதூரத்துக்குள் இருந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் பயணம் எவ்வளவு நீண்டாலும் வீடு தன்பாட்டுக்கு ஓடும். பெரியவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து போகட்டும், குழந்தையின் நாள் ஒரே பேட்டைக்குள் அடங்கிவிட வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்ததே.

காப்பகம் என்றதும் ஞாபகம் வருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். சேருவதற்கு முன்பே எச்ஆரிடம் கேட்டுவிடு. ஆனால் அந்த வசதி இருந்தாலும், இரண்டரை வயதுக் குழந்தையைத் தினம் ஒரகடத்துக்குப் பஸ்ஸில் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டு வருவதை நான் விரும்ப மாட்டேன். வீட்டுப் பக்கத்துக் காப்பகம்தான் நல்லது. அங்கே பழகுகிற குழந்தைகளோடுதான் அடுத்த வருஷம் எல்கேஜியும் போவாள்.

வரைபடத்தில் பார்த்தால் உங்கள் இருவருக்கும் சரியாக நடுவில் வண்டலூர் வரும். அதை ஒட்டி மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கம் வாடகை குறைவாகக் கிடைக்கும், தரகரும் அங்கேதான் முதலில் கூட்டிப்போவார். வீடெல்லாம் புதிதாக, பெரிதாக இருக்கும். ஆனால் அடையாறு நகரத்துக்குள் வருவதற்கு முன் அந்த வழியாகத்தான் வருகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஜனங்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் நின்றது. 2015-க்கு அப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கால்வாய் வெட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும் வயதானவரும் கைக்குழந்தை மாதிரி ஒரு பிள்ளையும் இருக்கிற வீட்டுக்கு முதல் வருஷமே அந்தப் பயம் வேண்டாம்.

என் மனதில் இருப்பது கிழக்குத் தாம்பரம். ஸ்டேஷனிலிருந்து கேம்ப் ரோடு வரைக்கும், சேலையூர் உட்பட. உன் கம்பெனி பஸ் மேற்குத் தாம்பரத்தில் இறக்கிவிட்டால் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இந்தப் பக்கம் வந்துவிடலாம். அண்ணனுக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை, அங்கிருந்து சிறுசேரி. வீடு கிழக்கே இருந்தால் அவர் காலையில் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கமே போக வேண்டாம். பள்ளிக்கூடங்கள் நிறைய, கிளினிக்குகள் நிறைய. உன் அத்தைக்கு இன்னும் நல்லது. கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ ஏறினால் காலையில் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் வந்தாலும், 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையம் பக்கம்தான். எழும்பூரோ கோயம்பேடோ போய் அலைய வேண்டாம்.

ரயில் பாதையை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் வேலை மாறும். அண்ணன் துறையில் யாரும் ஒரே கட்டடத்தில் பத்து வருஷம் உட்காருவதில்லை. இன்றைக்கு சிறுசேரி, நாளைக்கு கிண்டி, அப்புறம் அம்பத்தூர். உனக்கும் மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர் என்று மாறலாம். தாம்பரம் மாதிரி இடத்தில் இருந்தால் வேலை மாறினாலும் வீட்டை மாற்றாமல் சமாளிக்கலாம். பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை போகிற மின்சார ரயில் கூட்டமாக இருக்கும், நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும், ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சொல்லிவிடலாம். கிண்டிக்கு நான் அதில்தான் போகிறேன். காப்பகத்தில் குழந்தையை விட்டிருந்த காலத்தில் எனக்குப் பயணம் குறுகியதாக இருப்பதைவிட நிச்சயமாக இருப்பதுதான் முக்கியமாக இருந்தது.

"மெட்ரோ வரப்போகுது" என்று சொல்லி வாடகையை ஏற்றுவார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு தடம், மாதவரத்திலிருந்தே மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு இன்னொன்று என்று இரண்டாம் கட்டத் திட்டத்தில் இருப்பது உண்மைதான். வந்தால் அண்ணனுக்கு மிகவும் நல்லது. ஆனால் ஓடாத ரயிலுக்கு இப்போதே வாடகை கொடுக்க வேண்டாம்.

கிழக்குத் தாம்பரம் என்றதும் எல்லாத் தெருவும் மேடு என்று நினைத்துவிடாதே. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம் எல்லாம் ஏரிகளை ஒட்டி வளர்ந்த ஊர்கள். ஒரு தெருவில் தண்ணீர் நிற்காது, அடுத்த தெருவில் முழங்கால் அளவு நிற்கும். நீ ஏப்ரலில் வீடு பார்க்கிறாய், வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். அதனால் வீட்டுக்காரரைக் கேட்காதே. எதிரில் இஸ்திரி போடுபவரிடமும் மளிகைக்கடைக்காரரிடமும் கேள்: 2015-இல் எவ்வளவு தண்ணீர், 2023-இல் எவ்வளவு, கரண்ட் எத்தனை நாள் இல்லை என்று. வாசல்படி தெருவைவிட உயரமாக இருக்கிறதா பார். தார் ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டு, பழைய வீடுகள் பல பள்ளத்துக்குப் போய்விட்டன. மோட்டார், மீட்டர்பெட்டி எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனி. ஒரு தடவை நனைந்த வீட்டில் அதை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள். சிறுவாணி குடித்து வளர்ந்த பிள்ளைக்கு இங்கே முதல் மாதம் எதுவும் ருசிக்காது. போர் தண்ணீர் உப்பா, கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, கோடையில் லாரி வாங்குகிறார்களா, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேருமா, எல்லாம் கேள். 2019 ஜூனில் ஏரிகள் வற்றியபோது நாங்கள் குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்தோம். ஓஎம்ஆர் அடுக்ககங்கள் பலவும் சாதாரண நாளிலேயே லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நீச்சல் குளத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பார்கள், சென்னைப் பழக்கம் அப்படி. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றும் வழி விட்டிருக்கிறது. அதனால் பேசிப் பார், பயப்படாமல் கேள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி மீட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். இல்லையென்றால் யூனிட்டுக்கு அவர்கள் சொல்வதுதான் விலை, அரசு தரும் 100 யூனிட் சலுகையும் உன் கைக்கு வராது. வாங்குகிற பேச்சு இப்போது வேண்டாம். ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை இங்கே இருந்து பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

உனக்கு வேறு எண்ணம் இருந்தால் சொல். யாழினி ஓடி விளையாட இடம் வேண்டும் என்றுதான் நாவலூரைப் பிடித்திருக்கிறாய் என்று தெரியும். கிழக்குத் தாம்பரத்துத் தெருக்கள் நெருக்கமானவைதான், மாடியில் துணி காயப்போடும் இடம்தான் குழந்தைக்கு மைதானம். அது ஒரு குறைதான், மறைக்கவில்லை. ஆனால் ஏழு மணிவாக்கில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவது அவளுக்கு அதைவிடப் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேரன் எக்ஸ்பிரஸில் நீ நினைத்திருக்கிற வெள்ளிக்கிழமைக்குப் பதில் புதன்கிழமை ராத்திரி ஏறு. சென்ட்ரலில் இறங்கி எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியைப் பிடித்தால் குரோம்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்தால் ரோடு காலியாக இருக்கும், எதுவும் தெரியாது. வியாழன் காலை எட்டு மணிக்கு அண்ணன் கேம்ப் ரோட்டிலிருந்து சிறுசேரிக்குப் போய்ப் பார்க்கட்டும், நீ சாயங்காலம் ஒரகடத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்து பார். நான் லீவு போட்டுவிடுகிறேன். காப்பகங்கள் சிலவற்றை விசாரித்து வைத்திருக்கிறேன், யாழினியை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். அத்தையையும் கூட்டி வா, நடக்கப்போவது அவர்கள்தானே. என்றைக்கு என்று சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் வள்ளி