2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கே வந்திருக்கும் பத்தொன்பது உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டம் காலை பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தோம். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராததால் துணைவிதிப்படி அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே பத்தொன்பது பேருடன் தொடங்குகிறோம்.

சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்தது. பொங்கல் கோலப் போட்டியும் நடந்தது. நடுவர் தீர்ப்பைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயாததால் அதற்குள் போகவில்லை. ஃபெஞ்சல் புயலின்போது சங்க அறைக்குள் புகுந்த தண்ணீரை இளைஞர்கள் இறைத்தார்கள். பாய்கள் இரண்டு வீணாயின.

பூசந்தோறும் நடக்கும் அகவல் பாராயணம் இந்த ஆண்டு ஒரு மாதம் விட்டுப்போனது. நாட்காட்டியைத் தவறாகப் பார்த்தவன் நான்தான். வள்ளலாரின் அருட்பெருஞ்சோதி அகவல் 1,596 அடிகள் கொண்டது. முதல் நூறு அடிக்கு முப்பது குரல் கேட்கும், கடைசி நூறு அடிக்கு ஒன்பது. பிரசாத வாளி உள்ளே வரும்போது மறுபடி முப்பது பேர் இருப்பார்கள். இது எப்படி என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. தைப்பூசத்துக்கு வடலூருக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்தோம். ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்த நேரத்தில் நம்மில் பாதிப்பேர் வேன் நின்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இனி, 'புதன் திண்ணை'. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'செயலாளரின் சொந்த விளையாட்டு' என்று ஒருவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது.

புதன்கிழமை மாலை ஐந்து முதல் ஆறு வரை சங்க அறை திறந்திருக்கும். திண்ணை கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம். வருகிறவர் மனத்தில் இருப்பதைப் பேசலாம், பேசாமலும் உட்கார்ந்திருக்கலாம். ஒரே விதி, யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. சொன்னால் உண்டியலில் பத்து ரூபாய். ஆண்டு முடிவில் உண்டியலில் 740 ரூபாய் இருந்தது. அதில் 410 ரூபாய் அடியேனுடையது.

ஓர் உறுப்பினர், பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு எழுத அனுமதி கொடுத்தார். ஆடியில் மனைவியை இழந்தவர். முதல் மூன்று புதன்களும் வந்து பொதுக் கிணற்று மோட்டாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். நான்காம் புதன் எழுந்து கதவுவரை போனவர், செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே திரும்பி, "மாவு அரைத்ததும் உப்புப் போடுவதா, பொங்கிய பிறகா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஐந்து பெண்மணிகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு, மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, கரண்டியால் கலக்கக் கூடாது, கைச்சூடு பட வேண்டும் என்று. இதற்கெல்லாம் அபராதம் உண்டா என்று பொருளாளர் கேட்டார். கேட்ட கேள்விக்குச் சொல்லும் பதில் அறிவுரை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னேன். அடுத்த வாரம் தூக்குச் சட்டியில் எட்டு இட்லி வந்தது. கல்லாக இருந்தது. ஒன்று விடாமல் தின்றோம். அவர் ஒன்றைக்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர்ச் செலவைத் தணிக்கையில் எந்தத் தலைப்பில் காட்டுவது, இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று செயற்குழுவில் கேட்டார்கள். வடலூருக்குத்தான் வேன் ஏறிப் போய்விட்டு வந்தோம். அங்கே 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். சத்திய ஞான சபை எழுந்தது 1872-இல். நடுவில் ஐந்து ஆண்டுகள் வெறும் சோறுதான் போட்டார். செயற்குழுவில் கேட்டவர்கள் அவரிடமும் போய் அப்படிக் கேட்டிருப்பார்களா? தேநீரை 'இதரச் செலவு' என்று எழுதியிருக்கிறோம்.

நம்மால் கேட்க மட்டும்தான் முடியும். தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, உயிர்மேல் ஆசையற்றுப் பேசுகிறவருக்கு மருத்துவர் வேண்டும். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையின் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் யாரோ அழித்துவிட்டுத் தண்ணீர் லாரி வரும் நேரத்தை எழுதினார்கள். இப்போது எண்ணெய் வண்ணத்தில் எழுதியிருக்கிறேன்.

சந்தா. மொத்தம் 84 வீடுகள், ஆண்டுக்கு 600 ரூபாய். 37 வீடுகளில் பாக்கி. இதில் ஏழ்மையால் நிற்பவை நாலைந்து. அவர்களை நான் கேட்பதில்லை, கேட்கவும் மாட்டேன். மற்றவர்களைச் சொல்கிறேன். காலைத் தியான வகுப்பில் முதல் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, தினமும் அமர்கிற ஒரு பெரியவருக்கு மூன்றாண்டு பாக்கி. வாய்விட்டுக் கேட்டேன். "பணத்தைப் பற்றிப் பேசி மனத்தைக் கலைக்காதீர்கள்" என்றார். அவர் மனம் கலையாமல் இருக்க மின்கட்டணத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் வரிசையில் நின்று கட்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இருக்கும் வித்தியாசம் நமக்குச் சாதகமாகவும் இல்லை. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் தாமதமாகவேனும் போய்விட்டன.

தலைவர், பொருளாளர், பாராயணத்துக்குக் குரல் கொடுத்த ஒன்பது பேர், பாத்திரங்களைக் கழுவி வைத்த தாய்மார்கள் ஆகியோருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு என் பெயரை முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன, முழங்காலும் முன்போல் இல்லை. அறைச் சாவி இந்த மேசைமேல் இருக்கிறது. கதவின் கீழ்த்தாழ்ப்பாள் துருப்பிடித்திருப்பதால் சற்று மேலே தூக்கித் தள்ள வேண்டும். புதன்கிழமை நாலே முக்காலுக்கு இட்லிக்காரர் வந்து வாசலில் நிற்பார். சாவியை எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் கூட்டம் முடிந்து போகும்போது வழக்கம்போல் நானே எடுத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்