டீச்சர் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

கோவில்பட்டியிலும் சென்னையிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து கதிர்வீச்சு முடிகிற வரை எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர்கள் நீங்கள். சிகிச்சை நடந்தபோது யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. வந்த போனை எடுக்கக்கூடப் பல நாள் தெம்பில்லை. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எதையும் மறைக்க வேண்டாம், படிக்கிறவர்களில் ஒருத்தி போய்ப் பரிசோதித்துக்கொண்டாலும் நல்லதுதானே என்று அவளே சொன்னாள்.

முதல் நன்றி எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் சகோதரிக்கு. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு மார்பகப் பரிசோதனையும் செய்கிறார்கள். என் மனைவி போனது சர்க்கரை பார்க்கத்தான். "வந்தது வந்தீங்க, இதையும் பாத்துருவோம் டீச்சர்" என்று விடாமல் உட்கார வைத்தவர் அவர். இடது பக்கம், அக்குளை ஒட்டி, வலியே இல்லாத ஒரு கட்டி. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு, எடுத்தாச்சா எடுத்தாச்சா என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாப் பரிசோதனையும் முடிந்து இரண்டாம் நிலை என்று சொன்னார்கள். சகோதரி, இவள் இன்று எழுந்து நடமாடுவதில் உங்கள் பங்கு பெரியது.

சிகிச்சைக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் உண்டாக்கிய இடம். டாக்டர் சாந்தா 2021-இல் கண்மூடும் வரை தன் வீடாகவே நினைத்து வளர்த்த இடம். வராந்தாவில் உட்கார்ந்திருந்த முதல் நாளில், எத்தனை ஊரிலிருந்து எத்தனை விதமான ஜனங்கள் இவர்களை நம்பி வந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அங்கிருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர்களுக்கும் நான் என்ன சொன்னாலும் தகும். கீமோவின் முதல் தடவை சிவப்பு மருந்து ஏற்றுவதற்கு முன்னால், "சிறுநீர் சிவப்பா போகும்மா, ரத்தம்னு நெனச்சுப் பயந்துராதீங்க" என்று ஒரு செவிலியர் சொல்லிவைத்தார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் இருவரும் நொறுங்கியிருப்போம்.

அங்கே மனநல ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவளிடம் பேசிவிட்டு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பதில் சொல்ல வரவில்லை, அழுதுவிட்டேன். அவர் அழவிட்டார்.

அடுத்து எங்கள் தெருத் தையல்கார அக்கா. அறுவை சிகிச்சைக்குப் பிறகு காயத்திலிருந்து ஒரு குழாய் வரும், அதன் நுனியில் நிணநீர் சேர்கிற டப்பா தொங்கும். அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தினமும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எழுத வேண்டும். 30 மில்லிக்குக் கீழே வந்தபிறகு கழற்றுவார்கள். தன் பெரியம்மாவுக்கு இது நடந்ததைப் பார்த்தவர் அக்கா. நாங்கள் கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்து, பழைய பருத்திச் சேலையில் தைத்த ஒரு தோள்பையைக் கொடுத்தார். டப்பா உள்ளே உட்காரும்படி அளவெடுத்தாற்போல் இருந்தது, குழாய் வெளியே வர ஓரத்தில் ஒரு காஜா. கூடவே முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள், ஏனென்றால் கையைத் தூக்க முடியாது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த மற்ற பெண்கள் எல்லாரும் என் மனைவியிடம் அந்தப் பையைக் கேட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். அன்றே தைக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு மூட்டை நிறைய அடையாறுக்குக் கொண்டுபோனேன்.

வேளச்சேரியில் இருக்கும் என் சித்தி மகனும் அவன் மனைவியும் தங்கள் படுக்கையறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தார்கள். தம்பி, உங்கள் இருவருக்கும் நன்றி என்று எழுதினால் திட்டுவாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

ரயில்வே முன்பதிவு அலுவலருக்கும் நன்றி. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி என்பதையும், மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். 21 நாளுக்கு ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் போய்வந்த எங்களுக்கு அது பெரிய ஒத்தாசை.

கீமோ போட்ட பிறகு, ரத்தத்தில் தொற்றை எதிர்க்கிற வெள்ளையணு இறங்கிவிடும். அதை ஏற்றுகிற ஊசியைக் குளிர்ச்சி விடாமல் வைத்திருக்க வேண்டும். மெடிக்கல் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து, ஐஸ் வைத்துக் கொடுத்தனுப்பினார். ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஒரு நாள் நடுராத்திரி காய்ச்சல் 101-ஐத் தொட்டது. கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. எதிர்வீட்டுக் கார் டிரைவர் தம்பி கதவைத் தட்டிய சத்தத்துக்கே சாவியோடு வெளியே வந்தார். திருநெல்வேலி போய்ச் சேரும்வரை ஒரு கேள்வி கேட்கவில்லை. வாடகையும் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்து ஏறிய வாரத்தில் இவளுக்குத் தாளிக்கிற வாடை பட்டாலே குமட்டும். இரண்டு வீட்டு அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர், மேலே ஜன்னல். யாரும் போய்ச் சொல்லவில்லை. இவள் வாந்தியெடுக்கிற சத்தம் ஆச்சிக்குக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து எழுபது வயசுக்கு மேலான அந்த மனுஷி, புறவாசலில் வேப்பமரத்தடியில் அடுப்பைப் போட்டுத் தாளித்தார். கீமோ முடிகிற வரை அப்படித்தான். வாய்ப்புண் வந்தபோது உறைப்பில்லாத பாசிப்பயற்றுக் கஞ்சி, குமட்டலுக்கு உப்பு நார்த்தங்காய், எல்லாம் சுவருக்கு மேலே கை நீட்டித் தருவார். உள்ளே வந்தால் தொற்று வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

பள்ளியில் அவளுடைய வகுப்புகளைப் பிரித்துக்கொண்ட ஆசிரியர்களுக்கும், விடுப்பு, காப்பீடு இரண்டுக்கும் காகிதங்களை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப்போன எழுத்தருக்கும், எங்கள் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்த என் கொழுந்தியாளுக்கும் நன்றி. நீங்கள் ஆளுக்கொரு வேலையை என் தலையிலிருந்து இறக்கியதால்தான் நான் அவள் பக்கத்தில் உட்கார முடிந்தது. முடி கொட்டிய வாரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். எனக்கு வேறெங்கும் ஓட வேண்டியிருக்கவில்லை.

மூலிகை, கஷாயம், பத்தியம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தவர்களுக்கும் அக்கறைதான் காரணம் என்று தெரியும். நாங்கள் மருத்துவர் சொன்னபடி மட்டுமே நடந்தோம். இனி வேறு ஒரு வீட்டுக்கு இப்படி வந்தால், மருத்துவமனைக்குப் போகிற வழியைச் சொல்லுங்கள், கூடப் போங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது டீச்சர் வேலைக்குத் திரும்புகிறாள். நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபன் மாத்திரை ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், அடையாறுக்கு அவ்வப்போது போய்க் காட்டிவர வேண்டும். இடது கையில் ஊசி போட வேண்டாம், பிரஷர் பார்க்க வேண்டாம், கை வீங்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நோட்டுக்கட்டை அவள் தூக்காமல் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.

தொற்றுக்குப் பயந்து இத்தனை நாள் வாசலோடு திரும்பியவர்கள் இனி உள்ளே வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருவரும் வீட்டில்தான் இருப்போம்.

நன்றியுடன்,
டீச்சரின் வீட்டுக்காரர்,
கோவில்பட்டி