எட்டு விமானம், ஒரே பம்ப்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில்லில் இருந்து வில்லியம் கிரீக் வரை எட்டு விமானங்களை அழைத்துப் போகும் உன் அட்டவணையைப் பார்த்தேன். பறக்கும் நேரக் கணக்கு சரிதான். தரையில் செலவாகும் நேரத்தைத்தான் நீ சேர்க்கவில்லை.

ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சிற்றூர்களில் பெரும்பாலும் ஒரே எரிபொருள் பம்ப்தான். செஸ்னா 172 போன்ற ஒரு சிறு விமானம் வந்து நின்று, எர்த் கம்பி மாட்டி, எரிபொருள் கார்டு போட்டு, ஏணியில் ஏறி இரண்டு இறக்கையிலும் நிரப்பி, தள்ளி நிறுத்த 15 நிமிடம் பிடிக்கும். எட்டுக்கும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். அதனால் வந்திறங்கிய மாலையிலேயே நிரப்பிவிடுங்கள். காலையில் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கையிருப்பு இருக்கிறதா, எந்தக் கார்டு செல்லும் என்பதை முந்தைய நாளே போன் செய்து கேட்டுக்கொள். எட்டுக்கும் சேர்த்து எத்தனை லிட்டர் என்றும் சொல்லிவிடு.

இந்தத் தடம் சுமார் 240 கடல் மைல். 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்) வேகத்தில் இரண்டே கால் மணிக்குச் சற்றுக் கூடுதல், எரிபொருள் 80 லிட்டர். எதிர்க்காற்று 20 நாட் வீசினால் 100 லிட்டரை நெருங்கும். அதற்கு மேல் அரை மணி நேர இருப்பு சட்டப்படி வேண்டும். நீ ஒரு மணி நேரம் வை. டாங்கை முழுக்க நிரப்பினால் அதுவே 145 கிலோ. ஆகவே நாலு இருக்கை என்றால் நாலு பேர் என்று கணக்குப் போடாதே.

வேகமானது முதலில் கிளம்பட்டும், ஐந்து நிமிட இடைவெளியில் மற்றவை. மெதுவானது முன்னால் போனால் பின்னால் வருவது வழியிலேயே அதை எட்டிப் பிடித்துவிடும். ஆனால் இந்த வரிசையில் கடைசியாக வருபவர் மிகவும் தாமதமாவார். வெளிச்சம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே அவர் இறங்கியாக வேண்டும். ஆகவே அவருடைய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அன்றைய நாளைத் தொடங்க வேண்டும். பேர்ட்ஸ்வில் இருக்கும் குவீன்ஸ்லாந்துக்கும் வில்லியம் கிரீக் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் அரை மணி நேர வித்தியாசம் உண்டு. எல்லோரும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வழியில் வரும் கேட்டி தண்டா (ஐர்) உப்பு ஏரிக்கு மேல் தாழப் பறக்க விடாதே. வெள்ளை உப்பின் மேலும் அசையாத நீரின் மேலும் உயரம் கண்ணுக்குத் தெரியாது, அடிவானமும் மறைந்துபோகும். தண்ணீர் இருக்கும் ஆண்டென்றால் கூழைக்கடாக்களும் இருக்கும்.

சரளைத் தளத்தில் நின்றபடி எஞ்சினை முறுக்கிச் சோதிக்கக் கூடாது. புரொப்பெல்லர் கல்லை உறிஞ்சும்; அதன் தகட்டின் முனையில் அரிசி அளவு பள்ளம் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கெட்டியான இடமாகப் பார்த்துச் சோதிக்கட்டும், பிறகு உருண்டுகொண்டே மெல்ல பவர் கொடுக்கட்டும். நின்றதும், வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பீட்டோ குழாய்க்கு உறை போட வேண்டும். குளவி மண் அடைத்துவிட்டால் ஓடுதளத்தில் ஓடும்போது வேகமானி அசையாது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொருவரும் தம் சார்டைமை, அதாவது அதற்குள் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்கும்படி முன்பே பதிந்த நேரத்தை, தாமே ரத்து செய்ய வேண்டும். மறந்தால் தேடுதல் தொடங்கிவிடும். யாரும் ஹோட்டலுக்கு நடப்பதற்கு முன், விமானத்தடியிலேயே எட்டுப் பேரையும் பேர் சொல்லிக் கேட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்