பெயரைப் போடு, கண்ணு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் புளிச்சோறு கட்டிக்கொண்டு மிட்லண்ட்ஸ் பக்கம் போய்வந்தோம். ஹோவிக் தாண்டி நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர் வரைக்கும் ஓவியர்கள், குயவர்கள், நெசவுக்காரர்கள் தங்கள் பட்டறைகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். மிட்லண்ட்ஸ் மீண்டர் என்ற இந்தப் பட்டறைப் பாதையை 1985-இல் சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். முதலில் நுழைந்த இடங்கள் வெறும் கடைகள்தான், சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம்.

அப்புறம் காவர்ஷாமில் உள்ள ஆர்ட்மோர் பீங்கான் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்து அக்காவைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது!

ஒரு பெண் பூச்சாடி ஒன்றை மடியோடு அணைத்துக்கொண்டு வரிக்குதிரைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தூரிகையின் நுனியில் நாலைந்து மயிர்தான் இருக்கும். ஒரு கோடு முடியும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறாள், முடிந்ததும் விடுகிறாள். அந்த நேரத்தில் நிறமெல்லாம் வெளிறிப்போய் சாக்கட்டி மாதிரி தெரிந்தது. மேலே பூச்சு ஏற்றிச் சூளையில் சுட்ட பிறகுதான் மஞ்சளும் நீலமும் பளிச்சென்று எழும்புமாம். அக்கா ஜூலு மொழியில் "சவுபோனா" என்று வணக்கம் சொன்னதும் சிரித்துக்கொண்டே முடிந்த சாடி ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் பெயர்கள். வனைந்தவர் பெயர், உருவம் வைத்தவர் பெயர், வண்ணம் தீட்டியவர் பெயர், எல்லாம் இருந்தன.

அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

அந்த இடத்தைத் தொடங்கியவர் ஃபே ஹால்ஸ்டெட். டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் இருந்த ஆர்ட்மோர் பண்ணையில் 1985-இல் ஆரம்பித்தார். அவரிடம் முதலில் கற்றுக்கொள்ள வந்தவர் போனி ன்ட்ஷலின்ட்ஷலி. சிறுவயதில் போலியோ வந்தவர், பண்ணை வேலை அவரால் முடியாது. 1990-இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். குருவுக்குத் தனி, சிஷ்யைக்குத் தனி என்று பிரிக்கவில்லை. போனி 1999-இலேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் செய்தவற்றை இன்றைக்கும் போனி செய்தது என்றுதான் சொல்கிறார்கள். பெயர் இல்லாவிட்டால் ஆர்ட்மோர் சாமான் என்பதோடு போயிருக்கும்.

நான் தையல் ஃபேக்டரியில் எத்தனை வருஷம் காலர் தைத்தேன் என்று உனக்குத் தெரியும். சட்டையில் கம்பெனி லேபிளையும் நானேதான் வைத்துத் தைப்பேன். அந்தச் சட்டைகளில் எது என் கையால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு கண்ணு, இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நீ வரைவதை எல்லோருக்கும் தூக்கிக் கொடுத்துவிடுகிறாய். கேட்டால், "இன்னும் சரியாக வரவில்லை அம்மா, அதற்குள் பெயர் எதற்கு" என்கிறாய். அன்றைக்கு அந்தப் பட்டறை மேசைகளில் முக்கால்வாசி அரைகுறைச் சாமான்தான். காது ஒட்டாத யானை, ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய கிண்ணம். அத்தனை பேர் வந்து பார்க்கிறார்களே என்று யாரும் எதையும் துணி போட்டு மூடவில்லை. கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்டினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அக்காவுக்குக் கொடுத்த வாழைத்தோப்புப் படத்துக்குச் சட்டம் போட ஆள் பார்த்தாகிவிட்டது. பெயர் இல்லாமல் போடமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறார். டிசம்பரில் வரும்போது கீழ் ஓரத்தில் உன் பெயரையும் வருஷத்தையும் எழுதிக் கொடு. அதுவரை படம் எங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா