தூங்கி எழுந்த பிறகு பேசு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

சம்பா அறுவடைக்குத் திருவாரூர்ப் பக்கம் போன நம் ஆத்தூர் அறுவடை வண்டிகளுள் ஒன்று, வயல் மாறும்போது வாய்க்கால் கரையில் சரிந்துவிட்டதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். யாருடைய வண்டி என்று நான் கேட்கவில்லை. நீ பேசி நான்கு நாளாகிறது. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

வாடகை மணிக்கணக்கில் என்பதால் வண்டி நின்றால் முதலாளிக்கு நட்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பனி உலர்ந்து காலை 9 மணிக்கு அறுக்கத் தொடங்கி, இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டு அறுத்து, நள்ளிரவில் வண்டியை லாரியில் ஏற்றி அடுத்த ஊர் சேர 2 மணி ஆகிறதென்றால், நீ எப்போதுதான் தூங்குகிறாய்? 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனைப் போலத் தடுமாறும் என்று உன் தங்கை படித்துச் சொன்னாள். வண்டி ஓட்டுபவனுக்கு நம் சட்டத்தின் வரம்பு 0.03தான். ஒரு சொட்டும் தொடாத பிள்ளை என்று ஊரெல்லாம் உன்னைச் சொல்லிப் பெருமைப்படுகிறேன், தம்பி. பயிரை அறுக்கும் கத்தி வரிசையான கட்டர் பாரில் வைக்கோல் சிக்கினால் இஞ்சினை நிறுத்தாமல் கை வைக்கத் தோன்றுவதும், நெல் கொட்டும் குழாயைத் திருப்பும்போது மேலே மின்கம்பி இருப்பதை மறப்பதும் தூக்கம் கெட்டவனுக்குத்தான். தூங்கிவிட்டு வண்டி ஏறு.

சித்தப்பா அசட்டையாக இருந்ததால்தான் கை போயிற்று என்று சொல்லி உங்களை வளர்த்தேன். அது உண்மையில்லை. அந்த வாரம் மும்முனை மின்சாரம் இரவில்தான் வந்தது. மூன்று இரவுகளும் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்ச அவனைத்தான் அனுப்பினேன். வாடகைக்கு வந்த கதிரடிக்கும் இயந்திரம் திரும்பிவிடுமே என்று, நான்காம் நாள் விடியலில் மக்காச்சோளக் கதிர் தள்ள அவனை நிறுத்தியதும் நான்தான். ஒரு மணி நேரம் படுத்துக்கொள்கிறேன் அண்ணா என்று கேட்டான். நான் விடவில்லை. இன்றுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதலாளியிடம் நீயே கேள்; மாற்று ஓட்டுநர் இல்லையென்றால் வண்டி நிற்கட்டும். வீட்டுத் தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைப் படித்தவுடன் போன் செய்ய வேண்டாம். தூங்கி எழுந்த பிறகு பேசு.

அப்பா