மதுரை நகைக்கடை முதலாளிகளுக்கு: மரகதத்தை மரகதம் என்றே பில்லில் எழுதுங்கள்

தெற்காவணி மூலவீதியிலும் அதைச் சுற்றியும் கடை வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

உங்கள் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்து ஒன்றில் உட்கார்ந்து கல் பதிக்கிறவன் நான். அப்பாவுக்கும் இதே வேலைதான். உங்களிடமிருந்து வரும் வேலையில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது, அதனால் இதைச் சண்டைக் கடிதாசியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரில் சொன்னால் "பாத்துக்கலாம்ப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

தங்கத்தில் இன்றைக்குத் தில்லுமுல்லு செய்வது லேசில்லை. ஹால்மார்க் வந்துவிட்டது. ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக, எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க ஹெச்யுஐடி அடையாளக் குறி வந்துவிட்டது. காலேஜ் படிக்கிற பிள்ளை கடையிலேயே நின்று பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்க்கிறது. ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. நடுவில் உட்கார்ந்திருக்கும் கல் மரகதமா, பச்சைக் கண்ணாடியா என்று அது சொல்லாது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உசிலம்பட்டியிலிருந்து மகள் கல்யாணத்துக்கு அட்டிகை எடுக்க வருகிறவருக்குத் தெரியாது. "ஹால்மார்க் நகைதாம்மா" என்று கவுண்டர்ப் பையன் சொன்னதும் கல்லுக்கும் சேர்த்துத்தான் உத்தரவாதம் என்று நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறார்.

பில்லை எடுத்துப் பார்த்தால் "கிரீன் ஸ்டோன்" என்று இருக்கிறது. கண்ணாடியும் பச்சைதான், சாயம் ஏற்றிய ஓனிக்ஸ் என்ற மலிவுக் கல்லும் பச்சைதான், ஆய்வகத்தில் வளர்த்த மரகதமும் பச்சைதான். நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் அந்தப் பில் யாருக்கும் உதவாது, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எடைக் கணக்கும் இருக்கிறது. கல்லை எடை போடுகிற காரட்டில் ஐந்து சேர்ந்தால் ஒரு கிராம். பச்சைமணி கோத்த ஆரத்தில் 20 காரட் கல் இருந்தால் 4 கிராம், அதாவது அரைப் பவுன். மொத்த எடையில் கல்லைக் கழிக்காமல் பில் போட்டால் அரைப் பவுன் தங்கத்தின் காசு கல்லுக்குப் போய்விடுகிறது. ஹால்மார்க் நகைக்கான பில்லில் தங்கத்தின் நிகர எடையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான கடைகள் ஒழுங்காகக் காட்டுகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. பில் போடாமல் எஸ்டிமேட் சீட்டில் முடிக்கிற வியாபாரத்தில்தான் இது காணாமல் போகிறது. அப்புறம் அதே நகையைப் பழசாகப் போட வந்தால் கல்லை மட்டும் மறக்காமல் கழிக்கிறார்கள். விற்கும்போது விலைபோன கல், வாங்கும்போது தூசி. போகட்டும், கழித்த கல்லையாவது பொட்டலம் கட்டி வாடிக்கையாளர் கையில் கொடுக்கலாம் அல்லவா?

இனி எண்ணெய் விஷயம். இதைத்தான் நம் ஆட்கள் வாய் திறந்து சொல்வதே இல்லை.

மரகதம் பெரில் என்ற கனிம வகை. குரோமியமோ வனேடியமோ கலந்ததால்தான் அந்தப் பச்சை. கடினத்தில் மோஸ் அளவுகோலில் ஏழரையிலிருந்து எட்டு வரை நிற்கிற கல்தான். ஆனால் உள்ளே கோடையில் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி கீற்று ஓடியிருக்கும். மண்ணுக்கடியில் உருவாகும்போதே பட்ட அழுத்தத்தின் தடம் அது. மேல்பரப்பு வரை வந்து நிற்கும் கீற்றுக்குள் எண்ணெய் இறக்குகிறார்கள். எண்ணெய் ஒளியை வளைக்கிற அளவு (ஒளிவிலகல் எண்) கல்லினுடையதற்குப் பக்கத்தில் இருப்பதால் கீற்று கண்ணில் படாமல் மறைந்து, கல் தெளிவாகத் தெரியும். செடார் மர எண்ணெய் பழைய வழக்கம். இப்போது ரெசின் என்ற செயற்கைப் பிசினும் ஏற்றுகிறார்கள். உலகம் முழுக்க நடக்கிற, வியாபாரம் ஒப்புக்கொண்ட காரியம் இது. எண்ணெய் போட்டது மோசடி ஆகாது, அதை மறைப்பதுதான் மோசடி. பச்சைச் சாயம் கலந்த எண்ணெயை ஏற்றி, வெளிறிய கல்லுக்கு நிறம் கூட்டி விற்பது மட்டும் தனி ரகம். அதற்குச் சமாதானமே கிடையாது.

நல்ல ஆய்வகச் சான்றிதழில் இந்த எண்ணெய் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுதியிருக்கும். ஒரே நிறம், ஒரே எடை உள்ள இரண்டு கல்லுக்கு விலை மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதற்கு அந்த ஒரு வரி போதும். சான்றிதழ் இருக்கிற கல்லுக்கே அந்த வரியைப் படித்துக் காட்டாமல் "சர்டிஃபிகேட் இருக்கு சார்" என்று உறையை மட்டும் ஆட்டிக் காட்டுகிற கடைகளைப் பார்க்கிறேன்.

தை முகூர்த்தம் முடிந்த சமயம், திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பட்டறைக்கு வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த மோதிரம். இலவசமாகக் கழுவித் தருகிறோம் என்று ஒரு கடையில் வாங்கி, அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பச்சைக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கீற்று. "கல்ல மாத்திப்புட்டாய்ங்க தம்பி" என்றார். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். கல்லைப் பிடித்திருக்கும் நாலு உலோக நகத்திலும் பழைய அழுக்கு இடுக்கில் அப்படியே இருந்தது, கல்லை எடுத்துத் திரும்ப வைத்த தடம் கிடையாது. அதே கல்தான். மெஷின் அதிர்ந்ததில் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த கீற்றெல்லாம் தெரிந்துவிட்டது. விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. அவர் எப்படி நம்புவார்? வாங்கின அன்றைக்கு எண்ணெய் என்ற பேச்சே அவர் காதில் விழவில்லையே. அந்தக் கடைக்காரர் கல்லைத் திருடவில்லை. ஆனால் திருமங்கலம் பூராவும் அவர் இப்போது திருடர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மரகதத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உத்தரகோசமங்கையில் மரகத நடராசரை வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் வைத்திருக்கிறார்கள். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள். மத்தளம் முழங்க மரகதம் உடைபடும் என்று காரணமும் சொல்வார்கள். அல்ட்ராசோனிக் மெஷின் வேலை செய்வதே சத்த அதிர்வில்தான். சாமிக்குச் சந்தனம் பூசிக் காப்பாற்றுகிற ஊர்க்காரர் வாங்கின மோதிரத்தை அந்தத் தொட்டிக்குள் போடுகிறோம்.

ஆகவே கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள். மெஷினிலும் நீராவியிலும் மரகதத்தைக் கழுவக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சோப்பு, மிருதுவான பிரஷ் போதும். ஊறப்போடக் கூடாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து நகை கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். வெறும் தங்கத்துக்கு அது சரி, பச்சைக்கல் வைத்ததற்கு வேண்டாம். நெயில் பாலிஷ் எடுக்கிற திரவம் எண்ணெயைக் கரைத்துவிடும். சென்ட் அடித்து முடித்த பிறகு நகையைப் போட வேண்டும், பாத்திரம் விளக்கும் முன்னால் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். வைரத்தோடு ஒரே டப்பாவில் போட்டால் வைரம் மரகதத்தைக் கீறிவிடும், தனித் துணியில் சுற்றட்டும். நாளாவட்டத்தில் எண்ணெய் வற்றினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், அதற்காகப் பதற வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். ராசிக்கல் என்று புதனுக்காக வாங்குகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றவே மாட்டார்கள். அவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். உங்கள் ஷோகேஸில் சூடு கக்கும் விளக்கு இருந்தால் அதையும் மாற்றுங்கள், விற்பதற்கு முன்பே எண்ணெய் வற்றுகிறது.

பச்சையாக இருப்பதெல்லாம் "கொலம்பியா" என்று சொல்வதையும் விடலாம். ஜெய்ப்பூரில் பட்டை தீட்டி வருகிற கல்லில் ஜாம்பியாக் கல்லும் பிரேசில் கல்லும் ஏராளம், அவற்றிலும் அருமையான கல் உண்டு. எந்தச் சுரங்கம் என்பதை ஆய்வகம் சொல்லட்டும். மரகதம் என்றால் ஃபில்டர் கண்ணாடி வழியே சிவப்பாகத் தெரியும், பாருங்கள் என்று காட்டி நம்பவைப்பதும் வேண்டாம். ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் அதில் சிவப்பாகத் தெரியும், இரும்புச் சத்துள்ள நல்ல ஜாம்பியாக் கல் தெரியாமலும் போகும்.

உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிப் பார்த்த மதுரை ரத்தினக் கடைத்தெருவில் மணிகளில் வரும் குற்றங்களுக்குப் பெயரே இருக்கிறது. மரகதத்துக்கு ஏகை, மாலை, இருள். ஏகை என்பது நாம் இன்று எண்ணெய் விட்டு மறைக்கிற அதே கீற்றுதான். குற்றத்துக்குப் பெயர் வைத்துப் பேசின வீதி படுத்ததாகத் தெரியவில்லை.

நான் கேட்பது பில்லில் ஒரு வரி: இயற்கை மரகதமா, வளர்த்ததா, கண்ணாடியா, எத்தனை காரட், கல்லுக்கு என்ன விலை, எண்ணெயா, ரெசினா, எவ்வளவு, பழசாகப் போட்டால் கல்லுக்கு என்ன கிடைக்கும்.

கடைசியாக எங்கள் பட்டறைக் கஷ்டம். மோதிரத்தை அளவு கூட்டவோ குறைக்கவோ அனுப்பும்போது "சாயங்காலத்துக்குள்ள வேணும், கல்லக் கழட்டாம ஊதிரு" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். பற்றவைக்கிற சூட்டில் மரகதம் விண்டுவிடும். ஊதின பிறகு போடுகிற அமிலத்தில் எண்ணெயும் போய்விடும். உடைந்தால் கூலியில் பிடிக்கிறீர்கள். கல்லைக் கழற்றி, ஊதி, மெருகு போட்டு, திரும்பப் பதிக்க ஒரு நாள் கூடுதலாக வேண்டும். வேலைக் கவரின் மேல் "மரகதம்" என்று பேனாவில் எழுதி, அந்த ஒரு நாளையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலாளி ஒருவன்,
மதுரை